இறக்கையடியில் ஒரு கட்டைவிரல்

பிளாஸ்டிக் பொம்மை விமானத்துக்குக் கிளியர் அடிப்பதில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விதிதான். தூரிகை ஒருமுறை போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. பத்து வருடமாக இதே வேலையாக இருக்கிறேன், இன்னமும் கை சும்மா இருப்பதில்லை. அங்கே கொஞ்சம் விட்டுப்போச்சே என்று திரும்பப் போய், பாதி காய்ந்ததை இழுத்துக் கோடு போட்டுவிடுவேன். கிளியர் என்றால் நிறமே இல்லாத பூச்சு, பெயின்ட்டுக்கு மேலே போடுவது. தட்டைத் தூரிகையால் ஒரு கோட், அதாவது ஒரு அடுக்கு. அது நன்றாகக் காய்ந்ததும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். மறுபடி ஒரு கோட், மறுபடி தேய்ப்பு. மூன்றாவது கோட் முடிந்தபின் விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. "எங்க வீட்டுக்காரர் ஏரோப்ளேனுக்கு ஃபேஷியல் பண்றாரு" என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

அது காதில் விழுந்துதான் அந்த அக்கா வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன வருடம் தவறிப்போனார். கையில் ஒரு ஷூ டப்பா. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய சிவப்பு விமானம், தாம்பரம் மேலே பயிற்சிக்குப் பறப்பார்களே, அந்தச் சாயலில்.

"தம்பி, இது அவர் செஞ்சது. பெயின்ட்டோட நின்னுபோச்சு. நீ போடுவியே பளபளன்னு, அத இதுக்கும் போட்டுக் குடுப்பா. அடுத்த மாசம் அவருக்குத் தலை திவசம். ஹால்ல வைக்கணும்."

பிறகு விமானத்தைக் கவிழ்த்து இடது இறக்கையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பெயின்ட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை, ரேஷன் கடையில் வைத்ததுபோல அழுத்தமாக.

"இது போயிடணும். தேய்ச்சு எடுத்துடு."

யாருடையது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியுமா?

"என்னோடதுதான்" என்றார். ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் கணவர் பெயின்ட் அடித்து மொட்டை மாடியில் காயவைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். திடீரென்று மழை. அக்கா ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணி, முறத்திலிருந்த மிளகாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, கடைசியாக விமானத்தையும் தூக்கியிருக்கிறார். "நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகுது, உன்னை யாரு தொடச் சொன்னது?" என்று கணவர் திரும்பி வந்து கத்தினாராம். அந்த வாரம் முழுக்கப் பேச்சே இல்லை. விமானம் பரணுக்குப் போனது, அப்புறம் அவர் அதை எடுக்கவே இல்லையாம்.

"என்னாலதான் அப்படியே நின்னுபோச்சு. அத பார்த்தாலே மனசு என்னமோ பண்ணுது, தம்பி."

அது ஐப்பசி. ஈரக் காற்றில் கிளியர் அடித்தால் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போகும் என்பதால், நல்ல வெயில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் என் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. அக்காவின் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். மயிரிழை தூசி தெரிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு ரேகையைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்க எவ்வளவு நேரமாகும்? அரை நாள். அதைச் செய்யாமல் ஏன் விட்டார்?

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வைத்துப் பார்த்தேன். ரேகையின் ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரிந்தது. விரலால் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினேன். கண்ணாடிதான்.

எனக்குப் புரியவில்லை. வாட்டர் பேப்பரை நனைத்து ரேகையின் ஓரத்தில் இரண்டே இழுப்பு இழுத்தேன். சிவப்பு பெயின்ட்டைத் தேய்த்தால் தண்ணீர் சிவப்பாக வர வேண்டும். வெள்ளையாக வந்தது. பெயின்ட்டுக்கு மேலே கிளியர் இருந்தால்தான் அப்படி வரும். கையை எடுத்துவிட்டேன்.

விமானம் முழுவதும் வெறும் பெயின்ட். அந்த ரேகையின் மேல் மட்டும் ஐந்து ரூபாய்க் காசளவுக்குக் கிளியர் இருந்தது. ஒருவேளை சோதனையாக இருக்கலாம். எப்படியும் கெட்டுப்போன இடம்தானே என்று நானும் அங்கேதான் அடித்துப் பார்த்திருப்பேன். ஆனால் சோதனைக்கு ஒரு கோட் போதும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நான் தேய்த்த ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளையங்கள் தெரிந்தன. எண்ணினேன், மூன்று. ஒவ்வொன்றையும் காயவிட்டு, தேய்த்து, அடுத்ததை அடித்திருக்கிறார். இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டு சும்மா இருங்க" என்றாள் மனைவி. சும்மா இருக்கிற ஆளா நான்? அன்று மாலையே டப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

அக்கா கேள்வி கேட்டது டீச்சர் மாதிரியே இருந்தது. "மூணு கோட்டா? சரியா எண்ணினியா?"

"எண்ணினேன்க்கா."

"ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?"

"குறைஞ்சது ஒரு நாள்."

"அப்ப ஒரே நாள்ல முடிஞ்சிருக்காது."

"முடிஞ்சிருக்காது. தேய்ச்சு எடுத்துடவா, வேணாமாக்கா? நீங்கதான் சொல்லணும்."

அவர் விமானத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்து, அந்த இடத்தைத் தடவினார். நான் செய்தது போலவே கண்ணை மூடித் தடவினார்.

"இத விட்டுட்டு மிச்சத்துக்கு அடி" என்றார். சொல்லும்போதே அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அது கோபம்.

"அன்னிக்கு அவர் கத்தினதுல இருந்து நான் அவர் சாமான் ஒண்ணையும் தொட்டதில்ல, தம்பி. மேஜையைக்கூட துடைக்கல. ஆறு வருஷம். தனக்கு என்மேல கோவம் இல்லன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

என்னிடம்தான் கேட்டார்.