தாலி தெரியாத கல்யாணப் படம்

கல்யாணம் நிச்சயமான அன்று என் தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகையைப் பற்றிப் பேசவில்லை, புடவையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அண்ணே, எனக்குக் கண்ணு தொறந்த மாதிரி ஒரு கல்யாணப் படம் வேணும்" என்றாள். கேட்பவர்களுக்கு இது அற்ப ஆசையாகத் தோன்றலாம். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டியவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும்.

அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது பள்ளியில் வகுப்புப் படம் எடுத்தார்கள். அடுத்தடுத்து ஃபிளாஷ் அடித்ததில் வலிப்பு வந்து முன்வரிசையிலேயே விழுந்துவிட்டாள். அதுதான் முதல் தடவை. வெட்டி வெட்டி மின்னும் வெளிச்சம் சிலருக்கு அப்படிச் செய்யும் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை கேட்டது. பல வருடங்களாக வலிப்பு வரவே இல்லை. பயம் மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், பட்டப்பகல் வெயிலில் நின்றால்கூட அவள் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். தீபாவளிப் படத்தில் மூடிய கண், பட்டமளிப்புப் படத்தில் மூடிய கண், நிச்சயதார்த்தப் படத்திலும் மூடிய கண். ஐசி என்கிற அடையாள அட்டைப் படத்தில் மட்டும் திறந்திருக்கும், அதிலும் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிப்பாள். வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வோம். நான்தான் அதிகம் செய்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மலேசியாவில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணமேடையைச் சுற்றி எத்தனை விளக்குகள் என்று உங்களுக்குத் தெரியும். வீடியோக்காரர் ஒருவர், அவருக்கு விளக்குப் பிடிக்க ஒருவர், ஃபிளாஷோடு இரண்டு பேர். நான் மூன்று படக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர் "சரி" என்று சொல்லிவிட்டு, "ஒன்னு ரெண்டு மட்டும் அடிச்சுக்கலாமா?" என்று கேட்டார். மூன்றாமவர், "பொண்ணுக்கு ஏதும் பிரச்சனையா?" என்று குரலைத் தாழ்த்தினார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "வேணாம், நானே எடுத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்ன வார்த்தைதான். பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நான் செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவன். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று வீட்டிலும் பெயர். படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமரா, அதோடு வந்த சாதாரண லென்ஸ். கல்யாண மண்டபமோ தெப்ராவில், கோயிலை ஒட்டியது. மேடைக்கு மேலே இருந்த டியூப் லைட்டுகள் வருடக்கணக்காகச் சிமிட்டிக்கொண்டே இருப்பவை. அவற்றை அணைத்துவிடலாம் என்று கோயில்காரர்கள் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால் காலை பத்து மணிக்கே மேடை இருட்டு. குத்துவிளக்கும் பக்கவாட்டு ஜன்னலும்தான் மிச்சம். என் லென்ஸில் சோதித்தபோது படம் முழுக்க ரவையைத் தூவியது போல் புள்ளி புள்ளியாக வந்தது.

லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கிறதோ, அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். அதைக் குறிக்கும் எண் சிறியதாக இருந்தால் கண் பெரியது. என்னுடையது மூன்றரை. எனக்கு வேண்டியதோ ஒன்றுக்குப் பக்கத்தில். தானாகவே ஃபோகஸ் செய்யும் அப்படிப்பட்ட லென்ஸின் விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ஆனால் மோட்டார் இல்லாத, மின்சாரம் இல்லாத, வெறும் கண்ணாடியும் உலோகமுமான லென்ஸ்கள் சீனாவிலிருந்து வருகின்றன. வளையத்தைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். ஓவர்டைம் பார்த்தால் எனக்குக் கட்டுப்படியாகும் விலை.

ஜொகூர் பாருவில் பழைய கேமரா விற்கும் சீனர் கடையில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார்கள். முதலாவது பழைய ஜப்பான் லென்ஸ், எண் 1.4. அழகாக இருந்தது, ஆனால் கண்ணாடி மஞ்சளாகி ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டாவது 1.2, கைக்கு அடக்கமானது, ஆனால் முழுதாகத் திறந்தால் எல்லாவற்றையும் பனிமூட்டம் போட்டுக் காட்டியது. மூன்றாவது ஐம்பது மில்லிமீட்டர், எண் 0.95. அம்மியில் கிடக்கும் குழவி மாதிரி கனம். கடையின் இருண்ட மூலையில் கடைக்காரரையே உட்கார வைத்து எடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் கூர்மையாக வந்தது, அதற்குப் பின்னால் இருந்த கண் மங்கிவிட்டது. முழுதாகத் திறந்தால் கூர்மையாக விழும் இடம் ஒரு விரல் அகலம்தான். அந்த அகலத்துக்குள் என் தங்கையின் கண் விழவேண்டும். எப்படியும் பழகிக்கொள்ளலாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

கூலாயில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் பயிற்சி நடந்தது. வேலை முடிந்து வந்ததும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சாமி மேடை விளக்குக்கு முன்னால் அவளை உட்கார வைப்பேன். முதல் வாரம் முழுக்க மூடிய கண்தான். சாதாரண லென்ஸ் என்றால் இருட்டில் ஃபோகஸ் செய்ய கேமராவிலிருந்து ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரியும். அதை அணைத்து வைக்க முடியும், ஆனால் என்னதான் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். இந்த லென்ஸோடு அந்த விளக்குக்கு வேலையே இல்லை. என் விரல் வளையத்தைத் திருகுவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"இது ஒன்னும் அடிக்காதுல்ல?"

"அடிக்க இதுல என்னா இருக்கு? வெறும் கண்ணாடி லா."

இரண்டாம் வாரம் ஒரு கண்ணைத் திறந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டும் திறந்தன. ஆனால் லென்ஸை மட்டும் பார்க்கமாட்டாள், என் காதைப் பார்ப்பாள். "என் காது அவ்வளவு அழகா?" என்று கேட்டால் சிரித்துவிடுவாள். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இப்படியே நாள்கள் ஓடின. மண்டபத்துக்குப் போய்ப் படக்காரர் நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை காலடி வைத்து அளந்தேன். அங்கிருந்து எடுக்க ஐம்பது மில்லிமீட்டர் கச்சிதம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சாமான் பட்டியலோடு ஐயர் வீட்டுக்கு வந்தார். நடுவில், "மாப்பிள்ளைத் தோழன் யாரு?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. என்னைக் காட்டி, "இவன்தான். பொண்ணுக்கு ஒரே அண்ணனாச்சே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் பெண்ணின் அண்ணனோ தம்பியோதான் தோழன். மாப்பிள்ளையை மணமேடைக்குக் கூட்டிவந்து, தாலி கட்டி முடியும்வரை அவர் தோளை ஒட்டியே நிற்கவேண்டும். சித்தப்பா, மாமா எல்லோருடைய கல்யாணத்திலும் பார்த்த வழக்கம்தான். மூன்று மாதமாக நான் படக்காரனாகவே இருந்ததில், அண்ணன் என்பதையே மறந்துபோயிருந்தேன். மாப்பிள்ளையின் தோளருகே நின்றால் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இடைவெளி. அந்த லென்ஸில் அங்கிருந்து எடுத்தால் மூக்கும் மூக்குத்தியும்தான் கிடைக்கும்.

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"அண்ணன்காரன் தோழனா நிப்பான்னு ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தனியா லெட்டர் போடணுமா?"

கேமராவோடு தோழன் நிற்கலாமா என்று ஐயரைக் கேட்டேன். "செருப்பு போட்டுக்கிட்டு ஏறக்கூடாது. கேமராவைப் பத்தி எந்தச் சாஸ்திரத்துலயும் சொல்லல. மாலை எடுத்துக் குடுக்கறப்ப மட்டும் அத கழுத்துல தொங்கவிட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டார்.

வேறு யாரிடமாவது கேமராவைக் கொடுக்கலாம் என்றால், அந்த லென்ஸைத் திருகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கே இணையத்தில் தேடினேன். குளுவாங்கில் ஓர் ஆசிரியை முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை விற்பதாகப் போட்டிருந்தார். அதே 0.95, ஆனால் பார்வை அகலம். பக்கத்தில் நின்றே முகத்தோடு மார்பு வரை எடுக்கலாம். என்னுடையதோடு மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் வேலை முடிந்து மழையிலேயே வண்டியை ஓட்டினேன். ரயில் நிலையம் பக்கத்துக் காப்பிக் கடையில் காத்திருந்தார். மகள் பள்ளி மேடையில் ஆடுவதை எடுக்க வாங்கியதாம். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள், அம்மா கேமராவோடு வந்தாலே ஓடிப்போகிறாளாம். நான் காரியத்தைச் சொன்னேன். என் லென்ஸை வாங்கிக்கொண்டு அவருடையதை நீட்டினார்.

"பிரதர், முழுசா தொறந்தீங்கன்னா ஒரு கண்ணுதான் கிடைக்கும். எந்தக் கண்ணுன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க" என்றார். பிறகு, "இன்னொன்னு. இதோட வளையம் எதிர்ப்பக்கம் சுத்தும். உங்க கை பழையபடிதான் போகும், பாத்துக்குங்க."

அவர் சொன்னது சரிதான். மூன்று மாதம் பழகிய கை, கிட்டே கொண்டுவர நினைத்தால் தூரத்துக்குத் திருகியது. காப்பிக் கோப்பையை இருபது தடவை எடுத்தேன். மறுநாள் நலங்கு, பந்தல், சொந்தபந்தம் என்று தங்கையின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. புது லென்ஸில் அவளை ஒரு படம்கூட எடுக்காமல்தான் மேடை ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையும் மழை. ஜன்னலில் வெளிச்சம் பாதிதான் இருந்தது. யாரும் ஃபிளாஷ் அடிக்கவேண்டாம் என்று மாப்பிள்ளையே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். "என் வருங்கால மனைவிக்குக் கண் கூசும், தயவுசெய்து உதவுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நிமிடமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

கெட்டிமேளம் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியோடு எழுந்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் வேட்டியும் கேமராவுமாக நின்றேன். தங்கை தலை குனிந்திருந்தாள். தாலியில் ஃபோகஸ் வைப்பதா, முகத்திலா என்று ஒரு நொடி தடுமாறினேன். எல்லோருக்கும் வேண்டியது தாலி. அவள் கேட்டதோ வேறு. கண்ணுக்கு வளையத்தைத் திருகினேன், விரல் பழைய பக்கமே போனது. திருத்திக்கொண்டேன். அவள் அசைந்தாள், ஃபோகஸ் மறுபடி போய்விட்டது. இரண்டு மூன்று தடவை அமுக்கியும் சரியாக வராமல் நான் பதறிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து பளீரென்று ஒரு ஃபிளாஷ். யாரோ ஒரு பெரியவர் போனில் அணைக்க மறந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதினால் நன்றாக இருக்காது. தங்கையின் தோள் விறைத்ததை என் கண்ணால் பார்த்தேன். கேமராவை விட்டுவிட்டு அவளைப் பிடிக்கப் பாய இருந்தேன். மாப்பிள்ளையின் கை தாலியோடு அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "கட்டுங்க" என்றாள். மேளச் சத்தத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அதன் பிறகு என் விரல் என்ன செய்தது என்று எனக்கே தெரியாது. அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

சாப்பாடு முடிந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்தோம். பதினோரு படங்கள். பத்தில் எல்லாமே மங்கல். ஒன்றில் மட்டும் அவளுடைய இடது கண் இமைமயிர் வரை தெளிவாக இருந்தது. வலது கண் லேசாகக் கரைந்திருந்தது. மாப்பிள்ளையின் கையும் தாலியும் மஞ்சள் நிறத்தில் ஒரு கலங்கலாகத்தான் தெரிந்தன.

அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "தாலி எங்கடா? தாலி கட்டற படத்துல தாலியே இல்லாட்டி நாளைக்கு யார்கிட்ட காட்டறது? அலமாக், கடவுளே, இதுக்கா மூனு மாசம்?"

எனக்கும் உள்ளுக்குள் குறுகிப்போனது. குறை கண்டுபிடிக்கிறவன் எடுத்த படம் இது. தங்கை மாலையைக்கூடக் கழற்றாமல் கேமராவை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அண்ணே, அந்த லைட் அடிச்சுச்சுல்ல. இது அதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?"

"பின்னாடி."

"நெசமாவா?"

"முன்னாடி எடுத்தது எல்லாம் மங்கல்மா. இது கடைசிப் படம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் என் காதைப் பார்க்கவில்லை, நேராக லென்ஸைப் பார்த்திருந்தாள். அம்மா இன்னும் தாலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைச் சத்தமாகக் கூப்பிட்டாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"இங்க வாங்களேன். லைட் அடிச்சதுக்கு அப்புறமும் நான் மூடவே இல்ல, பாருங்க."