கூப்பிட்டு வைத்துக் கல்லெறிந்தவர்கள்

சரித்திர டீச்சர் எங்கள் ஒன்பதாம் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பண்டைய எகிப்தைப் பற்றி நாங்களே தேடிப் படித்து, ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும். டாக்டர் வீட்டு, பாதிரியார் வீட்டுப் பெண்களுக்கு நைல் நதியும் பிரமிடும் போயின. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஐந்து பேரை மட்டும் பொறுக்கி எடுத்து, பிணத்தைப் பதப்படுத்தும் பகுதியைத் தந்தார். "உங்களுக்கு இன்னாடி கஷ்டம்? நாத்தம் பழகினதுதானே" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த டீச்சருக்குப் போன மாதம் பாராட்டு விழா எடுத்தார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, பாவம், தலையைக் காட்டிவிட்டுப் போ என்று பழைய தோழி போனில் கெஞ்சினாள். வயது எனக்கும்தான் ஆகிறது. போகவில்லை.

எங்கள் ஐவருக்கும் வீம்பு வந்துவிட்டது. மதிய இடைவேளைகளில் பள்ளி நூலகத்தின் தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முட்டி மோதிப் படித்தோம். உடலை உப்பில் புதைத்து வைப்பார்கள் என்ற இடம் வந்ததும், தோலுக்கு உப்புப் போடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. பிணத்தின் வயிற்றைக் கல் கத்தியால் கீறுவதற்கென்றே ஒருவன் உண்டாம். கீறி முடித்ததும், அவனைக் கூப்பிட்டவர்களே திட்டிக்கொண்டு கல்லால் அடித்துத் துரத்துவார்களாம். சடங்கே அதுதான். படித்ததை எழுதிக் கொடுத்தோம். டீச்சருக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்துப்போனது. அதையே நாடகமாக்கி, கீறுகிற ஆள் நான் என்றார்.

அப்பா பார்க்க வருவார், வேறு யாரையாவது போடுங்கள் டீச்சர் என்று கெஞ்சினேன். "நாடகம்தானேடி, ரொம்ப அலட்டிக்காத" என்று விரட்டிவிட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை இறக்கி ஏற்றும் அப்பா, அன்று அரை நாள் லீவு போட்டு, தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

துணி சுற்றிய பொம்மையைக் கீறினேன். மற்றக் குழுக்காரிகள் காகித உருண்டைகளை எறிந்தார்கள். ஒத்திகையில் இல்லாத வசனமும் வந்தது. "நாத்தம் புடிச்சவளே, ஓடு!" பெற்றோர் கூட்டம் சிரித்தது. நான் ஓடி வெளியேற வேண்டிய இடம் அது. கால் நகரவில்லை. திரைக்குப் பின்னால் டீச்சர் "ஓடுடி, ஓடித் தொலை" என்று பல்லைக் கடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடு மேடையில் நின்று கத்தினேன்: "நீங்க கூப்ட்டுதானே வந்தேன்? நான் எதுக்கு ஓடணும்?" எறிந்த கைகள் நின்றுபோயின. டீச்சர் திரையை இழுத்து மூடினார். எங்கள் குழுவுக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு அப்பா எனக்கு முன்னால் போனார். நாடகத்தைக் கெடுத்ததற்குத் திட்டு விழும் என்றே நினைத்து நடந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். என் முடியில் சிக்கியிருந்த காகிதத் துண்டை எடுத்துக் கீழே போட்டார்.

"ஓடிப் போய்டுவியோன்னு பயந்துனே குந்தினு இருந்தேன்மா" என்றார்.