தோளின் மேல் இருந்த கை

செத்துப்போன ஒருவனைச் சிறைக்கு அனுப்ப எத்தனை நீதிபதிகள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒருவர்கூட வேண்டாம். தனக்குப் பிடிக்காத கட்சி மேல் உள்ள கடுப்பில், சோபாவில் சாய்ந்தபடி போனைத் தட்டுகிற ஓர் ஆள் போதும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியவந்தது. முன்பக்கம் கல்லாவில் இருந்த முதலாளி அவளைக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார்.

"இது உங்க அண்ணன்தானே?"

அண்ணன்தான். 'வெட்டவெளிச்சம்' என்றொரு அரசியல் வலைப்பதிவு. ஆளுங்கட்சியைத் திட்டுவது அதன் முழுநேர வேலை. 'வெள்ள நிவாரணம் திருடியவர் சிறையிலேயே சாவு' என்று தலைப்பு. கீழே அண்ணன் படம், சிரித்துக்கொண்டு. தோளில் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரரை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி, 'இந்தக் கை எந்த அமைச்சருடையது?' என்று கேள்வி.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். தேய்ப்புச் சக்கரத்தில் சிக்கிப் போய், பிறகு கோணலாக முளைத்த ஆள்காட்டி விரல் நகம். படத்திலும் அதே கோணல் நகம். அண்ணனுக்குக் கனரக வண்டி லைசென்ஸ் கிடைத்த அன்று பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது.

கீழே கருத்துகள் குவிந்திருந்தன. 'விரலைப் பாருங்க, வேலை செஞ்சே பழக்கமில்லாத கை' என்று ஒருவர் ஆராய்ச்சி முடித்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் நகராட்சி லாரி ஓட்டினார். வெள்ளத்தின்போது போர்வை மூட்டைகளை முகாமுக்குக் கொண்டுபோகாமல் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் கிடங்கில் இறக்கியதாக வழக்கு. குற்றப்பத்திரிகையில் கடைசிப் பெயர் அவருடையது. கைதான அன்றே ஜாமீன்; சிறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. விசாரணை தொடங்குவதற்கு முன், ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. இறந்தவரை விசாரிக்க முடியாது என்பதால் அவர் மீதான வழக்கை மட்டும் நீதிமன்றம் முடித்துவைத்தது. சிறையும் இல்லை, தண்டனையும் இல்லை, தோளில் கைபோட்ட அமைச்சரும் இல்லை.

'அது என் கை' என்று அவள் அந்தப் பதிவின் கீழ் எழுதினாள். 'சம்பளம் எவ்வளவு தர்றாங்க?' என்று பதில் வந்தது. முழுப் படத்தைப் போட்டாள். போட்டோவில் ஆளை ஒட்டவைத்திருப்பதாக ஒருவர் விளக்கினார். மறுநாள் அவள் எழுதியது எதுவுமே அங்கே இல்லை.

பேய் என்று ஒன்று கிடையாது. அவளும் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கை அவளை விடவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் போனில் அது போனது. கண்ணாடி வாங்க வந்தவர் மகனுக்குக் காட்டிச் சிரித்தார். லென்ஸைச் சக்கரத்தில் வைத்து அழுத்தும்போது, விரலை வேறு யாரோ அசைப்பதுபோல் இருந்தது. கடையில் கையுறை போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.

அண்ணி வெளியே போவதை நிறுத்தியிருந்தாள். கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு அடுக்களையில் நிற்பாள். சாப்பிடும்போது அவருக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, பிறகு அதை எடுத்து உள்ளே வைப்பாள்.

அப்போதுதான் எதிர்முகாமிலிருந்து 'தீப்பொறி' வந்தான். ஆளுங்கட்சிக்காக எழுதுகிற பதிவர். 'நிரபராதி! ஓட்டுநரை விடுதலை செய்தது நீதிமன்றம்!' என்று ஒரே போடாகப் போட்டான். அண்ணி அதை உரக்கப் படித்தாள். மறுபடி படித்தாள். அன்று சேலை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தாள்.

லென்ஸ் தேய்க்கிறவளும் சந்தோஷப்பட்டாள். ஆனாலும் ஏதோ உறுத்த, அண்ணனின் வக்கீலிடம் போய்க் கேட்டாள்.

"விடுதலைன்னு எங்கேம்மா இருக்கு? ஆள் இல்லாததால கேஸ் முடிஞ்சுது, அவ்ளோதான். தப்பு பண்ணாருன்னும் சொல்லல, பண்ணலன்னும் சொல்லல. ஆர்டரே ஒரு பத்திதான், படிச்சுப் பாருங்க. அதைக்கூட எவனும் படிக்கிறதில்ல."

தீப்பொறியைக் கடைக்கே வரவழைத்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல சட்டை. வந்ததும் வராததுமாக ஒரு பிரேமை மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்தான்.

"தம்பி, அதைத் திருத்திடுங்க. விடுதலை ஆகல."

"அக்கா, உங்களுக்கு நல்லதுதானே எழுதியிருக்கேன்?"

"நல்லது வேணாம். நடந்ததை எழுதுங்க."

"நடந்ததை எழுதினா யாரு அக்கா படிப்பா? அவன் ஒண்ணு அடிச்சா நாம ரெண்டு அடிக்கணும்."

"அவன் நாளைக்கு ஆர்டரை எடுத்துப் போட்டா? நீங்க சொன்னது பொய்னு ஆயிடும். உங்களோட சேர்த்து நான் சொன்னதும் பொய்யாயிடும். அது என் கைன்னு அப்புறம் எவன் நம்புவான்?"

"போடமாட்டான்கா. போட்டா அவன் சொன்ன ஜெயில் கதையும் சேர்ந்து மாட்டும்ல?" பிரேமைக் கழற்றினான். "இது எனக்கு எடுப்பா இருக்கா?"

"கண்ணுல கோளாறு இருக்கறவங்களுக்குத்தான் கண்ணாடி. உங்களுக்குக் கோளாறு வேற இடத்துல."

கல்லாவில் முதலாளி செருமினார். தீப்பொறி சிரித்துக்கொண்டே போய்விட்டான். திருத்தவில்லை.

அவள் சொன்னபடியே நடந்தது. வெட்டவெளிச்சம் ஆணையைப் போட்டது. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டிப் போட்டது. 'விடுதலை என்று எங்கே இருக்கிறது? குட்டு உடைந்தது! அப்படியானால் அவர் திருடன்தான்!' சிறையில் செத்ததாக எழுதியது மட்டும் சத்தமில்லாமல் அப்படியே இருந்தது. விடுதலை இல்லையென்றால் குற்றவாளி என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கேட்க ஆளில்லை. ஒரு பக்கத்துக் கூட்டம் கைதட்டியது. மறுபக்கத்துக் கூட்டம் வேறு சண்டைக்குப் போய்விட்டது.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"விடுதலை ஆகலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"நீயே போய் மாத்தச் சொன்னியாமே. கடைக்காரர் சொன்னாரு. கொஞ்ச நாளாவது நான் நிம்மதியா இருந்துட்டுப் போறேன், உனக்கு என்ன கேடு?"

அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அவரு பண்ணலன்னு இனிமே யாருதான் சொல்றது?"

"யாராலயும் சொல்ல முடியாது அண்ணி. கேஸே நடக்கலையே."

"உனக்குத் தெரியாதா, உங்க அண்ணனை?"

தெரியும். 'எங்க நிறுத்தச் சொன்னாலும் வண்டியை நிறுத்தறவன் நான், மூட்டைக்குள்ள என்னன்னு எனக்கென்ன தெரியும்' என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெறும் களைப்பாகவும் இருக்கலாம். விசாரணை நடந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். இப்போது அது அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு பெண்களுக்கும் நடுவில், மூன்றாவது ஆள்போல.

"அவர் பண்ணியிருக்கமாட்டாருன்னு நான் நம்பறேன் அண்ணி. நம்பறதை நம்பறேன்னுதான் சொல்லுவேன். கோர்ட் சொல்லுச்சுன்னு சொல்லமாட்டேன்."

அண்ணி போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். பிறகு, "அப்படியே எழுது," என்றாள். "ஜெயில்ல சாகலன்னு முதல்ல எழுது. இந்த வாசல்ல, என் மடியிலதான் செத்தாருன்னு எழுது."

எழுதினாள். ஆணையின் பத்தியை முழுசாகப் போட்டாள், படத்தையும் முழுசாகப் போட்டாள். 'குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பில்லை. விசாரணை நடக்கவில்லை.' இரண்டு பதிவுகளின் கீழும் இதையே எழுதினாள். வெட்டவெளிச்சம் நீக்கியது. தீப்பொறியும் நீக்கினான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் நல்ல ஒற்றுமை. அவள் திரும்பவும் எழுதுகிறாள், அவர்கள் திரும்பவும் நீக்குகிறார்கள்.

அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் குடும்பக் குழுவுக்கும் ஒருநாள் வரும். அதுவோ, அதைப்போல் இன்னொருவர் படமோ. அனுப்புகிறவர் உங்கள் கட்சிக்காரராக இருந்தால் தயங்காதீர்கள், அவரைத்தான் முதலில் கேட்கவேண்டும். தீர்ப்பு எங்கே, முழுசாகப் படித்தீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.