ஹோலியன்று போட்ட பூட்டு

என் கணவர் ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு சின்னத் தீவில் டாக்டராக இருந்தபோது நான் டெல்லியில், ஜனக்புரியில் தனியாக இருந்தேன். எழுபதுகளின் கடைசி. அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம், எனக்கு மத்திய அரசு அலுவலகத்தில் நிரந்தர வேலை. கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட தனக்கு மட்டும் உலை வைத்துப் பழகியவர் இல்லை.

கடிதம் வாரம் ஒன்று வரவேண்டும். காற்று பலமாக அடித்தால் அங்கே கப்பல் வராதாம். அதனால் இரண்டு வாரம் ஒன்றும் வராமல், பிறகு மூன்று சேர்ந்து வரும். அந்தத் தீவில் மரமே கிடையாது. மண்ணையே செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறார்கள். உறையைப் பிரித்தால் அந்தப் புகை வாசனை வரும். முதல் வருடம் அதை முகர்ந்துகொண்டே படித்தேன். இரண்டாம் வருடம் அந்த வாசனையே எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் அவர் நன்றாக எழுதுவார். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். பாறையோரம் நடந்தால் கடல்நாய்கள் தண்ணீரிலிருந்து தலையை நீட்டிக் கூடவே வரும். ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காயப்போட்டால் ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கப்பல் வரும் நாளில், தங்களுக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தவர்கள்கூடத் துறைக்குப் போய் நிற்பார்களாம். அதைப் படித்த அன்று மட்டும் அழுதேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். அங்கே யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வெளியே போனால் கதவுக்குக் குறுக்கே ஒரு தடியைச் சாத்திவிட்டுப் போவார்கள். தடி இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். வந்தவர்கள் தட்டாமல், கூப்பிடாமல் திரும்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் அப்போது பாதி வீடுகளில் குடியே வரவில்லை. தெரு முடிந்தால் வெறும் பொட்டல். நான் பால் வாங்கப் போனாலும் இரண்டு பூட்டுப் போடுகிறவள். கொடுத்து வைத்தவர்கள் என்று பதில் எழுதினேன்.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. "இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? 'வந்துவிடுங்கள்' என்று எழுத ஒரு நிமிடம் போதும். ரோஷம் விடவில்லை. அடுத்தடுத்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அதற்குள் ஹோலி வந்தது. தெருவில் எல்லோரும் வண்ணப் பொடியும் வாளித் தண்ணீருமாகக் கதவைத் தட்டுவார்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அது ஒத்துவராது. போன வருடம் செய்ததையே செய்தேன். முன்கதவில் வெளிப்பக்கம் பூட்டைத் தொங்கவிட்டேன். பின் சந்து வழியாக உள்ளே வந்து, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். காலை பத்து மணி இருக்கும். வாசலில் காலடிச் சத்தம். யாரோ பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள். அது கதவில் மோதி ஒரு தடவை 'டங்' என்றது. பிறகு காலடி திரும்பிப் போனது. நம் வேலை பலித்தது என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அரே பாபீஜி, ஆப் தோ கர் பர் ஹீ தீ?" என்றாள். வீட்டில்தான் இருந்தாயா என்று கேட்கிறாள். முந்தின நாள் பெட்டியோடு என் கணவர் வந்தாராம். பூட்டைப் பார்த்துவிட்டு இவளிடம் விசாரித்தாராம். அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாராம்.

ஹோலிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய அவருடைய தந்தி அன்று மத்தியானம் வந்தது. திருச்சியில் அம்மா வீட்டுக்கு நான் ஒரு தந்தி அடித்தேன். பதில் போடாத பெண்டாட்டியை நேரில் கேட்கலாம் என்று எட்டு நாள் விடுப்பில் வந்த மனிதர், ஆறு நாளை ரயிலிலேயே கழித்தார்.

ஏழாம் நாள் காலை வந்து நின்றார். கோட்டுத் தோளில் யாரோ பூசிய ரோஸ் பொடி அப்படியே இருந்தது.

"ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"ஆளில்லன்னு தெரிஞ்சா தட்டக் கூடாது. அங்க இருந்து இருந்து அப்படியே பழகிடுச்சு."

"நான் உள்ளதான் இருந்தேன்."

"எனக்கு என்ன தெரியும்? பதிலும் இல்ல, வீடும் பூட்டியிருக்கு. நீ என்னை வேணாம்னு போயிட்டேன்னு நினைச்சேன்."

தோசை வார்த்துப் போட்டேன். இரண்டாவது தோசைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டேஷன்லேர்ந்தே தந்தி குடுத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு."

"மாத்திச் சொல்ல முடியாதா?"

"வர்றதா இருந்த வேற டாக்டர வேணாம்னு சொல்லியிருப்பாங்க. நானும் போகலேன்னா அந்த ஜனத்துக்கு யாருமில்ல."

அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. நானும் வருகிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வேலை, ஓய்வூதியம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு சட்னியை நகர்த்தி வைத்தேன். மறுநாள் அவர் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருடம் ஹோலிக்கு நான் பூட்டைத் தொடவில்லை. முன்கதவை விரியத் திறந்துவைத்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சாபி அம்மாள்தான் முதலில் வந்து தலையோடு தண்ணீரை ஊற்றினாள். பின்னாலேயே தெருவே உள்ளே வந்தது. எல்லோர் முகத்திலும் பச்சையும் சிவப்புமாகப் பொடி. ஒவ்வொருவரையும் சற்று உற்றுப் பார்த்த பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது.