ஞானரட்ணத்தின் ராக்கெட்டு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவன் றோலண்ட். இலை உருட்டும் ரோலர் பாதியில் நின்றுபோனால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் முதலில் தேடுவது அவனைத்தான். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லொறி அனுப்பி அழைத்துப் போவார்கள். சிங்களம் நன்றாகப் பேசுவான். குடி கிடையாது, ஞாயிறு பூசை தவறாது. இவ்வளவு இருந்தும் அவன் நெஞ்சுக்குள் ஒரு முள் கிடந்தது. அதற்குப் பெயர் ஞானரட்ணம்.

இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். ஒரே ஸ்டோரில் எண்ணெய்த் துணியோடு வேலை பழகியவர்கள். மார்கிரட்டை முதலில் பெண் கேட்டது ஞானரட்ணம்தான். அவளுக்கும் விருப்பம். ஆனால் ஞானரட்ணத்தின் குடும்பம் இந்தியக் குடியுரிமை கேட்டு, அங்கேயே போய்விட எழுதிக் கொடுத்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று மார்கிரட்டின் அப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார். எழுபத்திரண்டில் ஞானரட்ணம் தலைமன்னாரில் கப்பல் ஏறினான். அடுத்த வருடம் மார்கிரட்டின் கழுத்தில் றோலண்ட் தாலி கட்டினான். அவள் ஒருநாளும் முகம் கோணியதில்லை. ஆனாலும் அவள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, யாரை நினைக்கிறாள் என்று அவனுக்குள் அரிக்கும். நான் கப்பல் ஏறாததால்தானே மாப்பிள்ளையானேன் என்று தோன்றும்.

எண்பத்து நான்கு கிறிஸ்துமசுக்கு ஞானரட்ணம் தன் தங்கை பவுலினைப் பார்க்க வந்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாடு கெட்டுக் கிடந்த நேரம். ஆனாலும் லயமே திரண்டு போனது. மார்கிரட்டும் போனாள். அவள் போகிறாளே என்று பின்னால் றோலண்டும் போனான்.

திருச்சியில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பதாக ஞானரட்ணம் சொன்னான். அரசாங்கத்துக்காகப் புதிதாக ஒரு ஏவுகணை செய்கிறார்களாம். அதற்குக் குழல் கடைவது இவன் கையாம். யாருக்கும் விளங்கவில்லை என்று கண்டதும், சுவரில் சாய்த்திருந்த பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான்.

"இப்புடித்தான். ஒரே ஆளு தூக்கிட்டு மலையேறிரலாம். பிளேனு வந்துச்சுன்னா குறி பாத்து விட்டுட்டா போதும். எஞ்சினோட சூட்ட மோப்பம் புடிச்சுத் தானாவே தொரத்திப் போயி அடிக்கும். வெள்ளக்காரன் தயவு இல்லாம நம்மளே செய்யிறது."

பெண்கள் வாயில் கை வைத்துக் கேட்டார்கள். மார்கிரட் கண் கொட்டாமல் நின்றாள். எந்த நம்ம, யாரு நம்ம என்று றோலண்ட் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருடத்தில் இவனுக்கு ஒரு நாடே 'நம்ம' ஆகிவிட்டது. தனக்கு ஸ்டோர்கூட அப்படி ஆகவில்லை. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சு கடைவீதிக்குப் போய், அங்கே கை கால் முளைத்தது. இந்தியாவிலிருந்து ஒருவன் ராக்கெட்டோடு வந்திருக்கிறான் என்றானது. மறுநாள் காலையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. பவுலின் வீட்டுச் சாமான்களெல்லாம் முற்றத்துக்கு வந்தன. ஞானரட்ணத்தைச் சுவரோரம் நிறுத்தினார்கள். அவன் உதடு நடுங்குவதைப் பார்த்தபோது, றோலண்டுக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அது பொய்யில்லை.

சார்ஜன்ட் றோலண்டை அறிந்தவர். ஸ்டேஷன் தண்ணீர்ப் பம்பைப் பழுது பார்த்துக் கொடுத்தவன் அவன். இவன் யார், என்ன செய்கிறான் என்று அவனிடமே கேட்டார். றோலண்ட் வாய் திறந்தான். சிங்களம் தடையில்லாமல் வந்தது.

"ராக்கெட்டு செய்யிற மூஞ்சியா சார் இது? சின்ன வயசுல இருந்து இவன எனக்குத் தெரியும். ஒரு போல்ட்ட நேரா முறுக்கத் தெரியாது. அங்க பட்டறையக் கூட்டிப் பெருக்குறான். பொம்பளைங்க முன்னால பெரிய ஆளாக் காட்டணும்னு கத விட்டுருக்கான்."

சார்ஜன்ட் ஞானரட்ணத்தின் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்றார். ஞானரட்ணம் றோலண்டைப் பார்த்தான். பிறகு மார்கிரட் நின்ற பக்கம் பார்த்தான். தலையைத் தொங்கவிட்டான்.

"ஆமாங்க சார். கூட்டுற வேலதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சார்ஜன்டும் சிரித்துவிட்டார். வாயை அடக்கு, சீக்கிரம் ஊர் போய்ச் சேர் என்று எச்சரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் ஞானரட்ணம் வந்து றோலண்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "உசுரக் காப்பாத்திட்ட மச்சான்" என்றான். வீட்டுக்கு வந்ததும் மார்கிரட் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல சமயத்தில் நல்ல பொய்யாகச் சொன்னீர்கள் என்று மெச்சினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. றோலண்ட் குவளையைப் பார்த்தபடி இருந்தான். அந்த வார்த்தைகளை அவன் அந்த நிமிடம் யோசித்துச் சொல்லவில்லை. பல வருடமாக நெஞ்சுக்குள் சொல்லிப் பழகியவை அவை. காப்பாற்றவா சொன்னான், மட்டம் தட்டவா? அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று வருடம் கழித்து, உறவைப் பார்க்க இந்தியா போய் வந்த அதே லயத்துச் சோலைமலை ஒரு செய்தி கொண்டுவந்தார். அந்த ஏவுகணை சோதனையில் சரிவரவில்லையாம். குறி தப்பித் தப்பி விழுந்ததாம். வேலையையே நிறுத்திவிட்டார்களாம். ஞானரட்ணம் இப்போது வேறு பட்டறையில் சைக்கிள் சாமான் கடைகிறானாம்.

அன்றைக்கு றோலண்ட் கருவாட்டுக் குழம்போடு இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். செய்தியை மார்கிரட்டிடம் சொல்லும்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "பாவம். எம்புட்டு ஆசையாச் சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் மிச்சச் சோற்றைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தான். எத்தனை நாள் ரோலர் மக்கர் பண்ணி, டீமேக்கரிடம் ஏச்சு வாங்கி வீடு வந்திருப்பான்? அந்தப் 'பாவம்' ஒருநாளும் அவன் பக்கம் வந்ததில்லை. தோற்றாலும் ஞானரட்ணம் வானத்தில் தோற்றிருக்கிறான் என்று நினைத்தான்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஸ்டோருக்கு இறங்கினான். ரோலரின் பெல்ட் ஒன்று தளர்ந்து கிடந்தது. அதை இறுக்க வேண்டியிருந்தது.