கண்ணாடி பீரோவின் பூட்டு

கணினி வந்துவிட்டால் குழந்தைகள் நூலகத்தின் எதிர்காலமே மாறிவிடும் என்று எங்கள் கிளை நூலகர் விழா மேடையில் அரை மணி நேரம் முழங்கினார். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லா மேடையிலும் கணினிதான். மேடைக்குப் பின்னால் சிறுவர் நூல்கள் இருந்த கண்ணாடி பீரோவில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் பேத்தியை அழைத்துப் போனேன். அவளோடு படிக்கும் பீங்கான் சூளைத் தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். நூலகர் எழவில்லை. சூளை மண்ணில் அவர்களோடு விளையாடிவந்த பேத்தியின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கையெல்லாம் வெள்ளையா மண்ணு இருக்குது பாருங்க. புஸ்தகம் வீணாயிடும். பீரோவ நான்தான் தொறக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு புஸ்தகந்தான், ஒடனே பூட்டணும். ரூல்ஸ் சார். ரிட்டயர் ஆனவரு, உங்களுக்குத் தெரியாததா?”

இனி அங்கே வரவே மாட்டேன் என்று பேத்தி வழியெல்லாம் அழுதாள்.

விதி எனக்குத் தெரியாமலா? அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து தலை நரைத்தவன் நான். விதியை மீறுகிறவனை மடக்குவது சிரமம். விதி பேசுகிறவனை மடக்க அந்த விதியே போதும்.

சனிக்கிழமை பேத்தியைச் சமாதானம் செய்து எல்லாரையும் கூட்டிப் போனேன். வாசல் குழாயில் கை கழுவி, ஈரம் துடைத்து, வரிசையாகக் காட்டினார்கள். படப் புத்தகமாகக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். ஒரு படப் புத்தகம் ஐந்து நிமிடத்தில் படித்து முடிந்துவிடும்.

நூலகர் கனத்த உடம்புக்காரர். எழுந்தார், திறந்தார், கொடுத்தார், பூட்டினார். நாற்காலியில் சாய்வதற்குள் ஒரு குரல்.

“சார், ஒக்காந்துட்டீங்களா? நான் படிச்சிட்டேன், வேற குடுங்க.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். “டாக்டரு நடக்கச் சொன்னாரா சார்?”

நூலகர் சாவியை என்னிடம் நீட்டினார். “நீங்களே தொறந்து குடுங்களேன்.”

“ஐயையோ! பொறுப்புல இருக்கறவரு சாவிய வெளியாளுகிட்ட குடுக்கலாமா? ஒண்ணு காணாம போனா உங்க தலைதாங்க உருளும்.”

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் இரு மடங்காக வந்தார்கள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதை நான் எதிர் பெஞ்சில் அமர்ந்து நிதானமாகப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் பீரோ இரு கதவும் விரியத் திறந்திருந்தது.

“பூட்டு எங்க சார்? ரூல்ஸு இருக்குதே!”

“சும்மா இருங்க சார். அதுங்களே எடுத்துக்கட்டும்.”

பேத்தி தரையில் அமர்ந்து, தடிமனான ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்திருந்தாள். கூப்பிட்டேன், நிமிரவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்த முழங்கால் இன்னும் இரண்டு வாரம் தாங்கியிருக்கும்.