வட்ட வீட்டுக்கு வந்த கங்கையம்மன்

பச்சையம்மாவின் வீட்டுக்கு மூலையே கிடையாது. மாடம்பாக்கம் போகிற வழியில் புதிதாக முளைத்த ஒரு காலனியின் முகப்பில், மழைநீர்க் கால்வாய்க்கென்று இறக்கிய சிமெண்ட் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. கால்வாயும் வரவில்லை, காண்டிராக்டரும் திரும்பி வரவில்லை. எண்பத்தைந்து வெள்ளத்தில் அனகாபுத்தூர் ஆற்றங்கரைக் குடிசையைப் பறிகொடுத்த பச்சையம்மாதான் வந்தாள். இருப்பதிலேயே பெரிய குழாயாகப் பார்த்து, பின்வாயைச் சாக்குத் தைத்து அடைத்தாள். முன்வாயில் ஒரு தட்டியைச் சாய்த்தாள். குடித்தனம் தொடங்கிவிட்டது.

வெள்ளம் அவளுக்கு மிச்சம் விட்டவை இரண்டு: வேர்க்கடலை அவிக்கும் அலுமினிய அண்டா, கண்ணாடி போன கங்கையம்மன் படம். புருஷன் அதற்கு முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று போயிருந்தான். அந்தக் கணக்கில் வெள்ளத்தைக் குறை சொல்ல முடியாது.

காலையில் அடுப்பு மூட்டும்போதே படத்தோடு சண்டை ஆரம்பித்துவிடும்.

"தண்ணிக்கே சாமி நீ. உன் தண்ணி வந்து என் வூட்ட இஸ்துகினு போவசொல்ல நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே? தூங்கிட்டியா?"

திட்டி முடித்த கையோடு பொட்டு வைப்பாள். பிறகு கடலையைக் கூடையில் கொட்டி, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் மிச்சக் கடலை காலனிக்கு.

காலனிச் சங்கச் செயலாளர் யக்ஞநாராயணனின் மனைவி அபிதகுஜாம்பாள் அவளுடைய வாடிக்கை. ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, தனியா இருக்கியே, பயமா இல்லையா?"

"சுத்தியும் சிமெண்டு, வாசல்ல அம்மன். எவன்மா வருவான்? ஆயா, அப்பன் இருந்தப்போகூட இப்பிடித் தூங்கினது கெடையாது."

பேச்சுக்குச் சொன்னதில்லை. குழாய்க்குள் படுத்தால் மழை தலைக்கு மேல் உருண்டு ஓடும். அந்தச் சத்தத்தில், படத்துக்கு அடியில் தலை வைத்து, கருவில் கிடப்பவள் மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் தூங்குவாள்.

ஒரே ஒரு மனக்குறை. ஆடி மாதம் ஊர்க் கோயிலிலிருந்து கங்கையம்மன் ஊர்வலம் வரும். வீட்டுக்கு வீடு அம்மன் நிற்கும். தூக்கி வருபவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பூசாரி தட்சிணாமூர்த்தி, "வூட்டுக்காரங்க பேரு?" என்று கேட்டுக் கற்பூரம் காட்டுவார். பச்சையம்மாவும் குழாய் முன்னால் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, தாம்பாளத்தோடு நிற்பாள். வருஷா வருஷம் அம்மன் அவளைத் தாண்டிப் போய்விடும்.

"வாசப்படி இருந்தாத்தான் அம்மன் நிக்கும், பச்சை," என்பார் பூசாரி. "கொயாய்க்கெல்லாம் நின்னா, நாளைக்கு லைட்டு கம்பத்துக்கும் நிக்கணும்."

எண்பத்தொன்பதாம் வருஷ ஆடியில், ஊர்வலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, யக்ஞநாராயணன் குடையைத் தரையில் ஊன்றியபடி குழாய் எதிரே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கால்வாய்க்குப் புது காண்டிராக்டர் வந்தாச்சும்மா. மண்டே லாரி வரும். எல்லா பைப்பையும் எடுத்துடுவா."

"நான் எங்க சார் போவேன்?"

"அதான் எனக்கும் தெரியலை," என்றார் அவர், நிஜமாகவே தெரியாதவராக. "கொசு, பாம்புன்னு ரெசிடென்ட்ஸ் கம்ப்ளெயிண்ட். நானும் என்ன பண்றது?"

அவர் தலை மறைந்ததும் பச்சையம்மா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? திங்கக்கெழம லாரி வருதாம். நீ ஞாயித்துக்கெழம வர்றே. முன்னால வர்றவதான் எதுனா பாத்து செய்யணும். அப்பால நான் பொறுப்பில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குக் கடலைக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் ஊர்வலம் காலனியை நெருங்கியபோது வானம் ஒரே வீச்சில் இருண்டது. மழை தூறிப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. ஊர்வலத்தில் வருவது அம்மனின் சிரசு மட்டும்தான். ஆடிக்கென்று புதிதாகச் செய்து வர்ணம் பூசியது, சுடாத மண். நனைந்தால் கரைந்துவிடும். தர்மகர்த்தா சிட்டிபாபு துண்டை எடுத்து அம்மன் தலையில் போட்டார். துண்டு நொடியில் ஊறிவிட்டது. வீடுகள் இன்னும் தள்ளி இருந்தன.

"டேய், எங்கனா ஓரமா ஒதுங்குங்கடா! அம்மன் மூக்கு போவுது!"

"இங்க வாங்க! இங்க வாங்க!" தட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பச்சையம்மா கத்தினாள்.

தட்சிணாமூர்த்தி யோசிக்கவில்லை. சிரசைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு குழாய்க்குள் பாய்ந்தார். பின்னாலேயே சிட்டிபாபு, மேளக்காரர்கள், தாம்பாளத்தோடு எதிர்கொண்டு வந்திருந்த அபிதகுஜாம்பாள். கடைசியாக வந்த யக்ஞநாராயணன் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டார்.

"குனிஞ்சி வா சார். அம்மன் வூட்ல நிமிந்துகினு வருவாங்களா?" என்றார் ஒரு மேளக்காரர்.

கவிழ்த்துப் போட்ட கடலைக் கூடைமேல் அம்மன் உட்கார்ந்தது. மூக்கு தப்பித்தது, ஒரு கண்மை மட்டும் கன்னத்தில் வழிந்திருந்தது. பச்சையம்மா முந்தானை நுனியால் அதை ஒற்றி எடுத்தாள்.

"வூடில்லாம மழைல நின்னா எப்பிடிக் கீதுன்னு இப்போ தெரிஞ்சுதா உனுக்கு?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். குழாய் அதை எல்லோருக்கும் கேட்க வைத்தது.

அண்டாவில் இருந்த கடலை கை மாறிக் கை மாறித் தீர்ந்தது. மழை விட்டதும் சிட்டிபாபு எழுந்தார். "தூக்குங்க, போலாம்."

பூசாரி அசையவில்லை. "எறக்கி வெச்ச எடத்துல கற்பூரம் காட்டாம தூக்கக் கூடாது தர்மகர்த்தா. மொறை அது." கற்பூரத்தைக் கொளுத்தினார். எந்த வாசலிலும் கேட்பதுபோலவே கேட்டார்: "வூட்டுக்காரங்க பேரு?"

வேறு யாரையோ கேட்கிறார் என்று பச்சையம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"பேரு சொல்லும்மா," என்றாள் அபிதகுஜாம்பாள்.

"பச்சையம்மா," என்றாள். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவள் போல இருந்தது முகம்.

கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு சிட்டிபாபு செயலாளரிடம் திரும்பினார். "அம்மன் ஒரு தபா எறங்கின எடத்துல வருஷா வருஷம் எறங்கணும் சார். இது இன்னிமே மண்டகப்படி. மத்த கொயாயெல்லாம் எடுத்துக்கினு போங்க. இத்த மட்டும் வுட்ருங்க."

"மண்டே லாரி..." என்று இழுத்தார் யக்ஞநாராயணன். "சங்கத்துல நான் என்னன்னு சொல்றது?"

"ஏன்னா, அம்பாள் கேட்டுண்டா, நான் குடுத்தேன்னு சொல்லுங்கோ," என்றாள் மனைவி. அவர் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. மற்ற குழாய்கள் போயின. மஞ்சள் பூசிய அந்த ஒற்றைக் குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு கால்வாய் போயிற்று. அந்த வளைவில் இன்றும் தண்ணீர் தேங்குகிறது என்று காலனிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்று நாலில் சிட்டிபாபு நாலு பேரிடம் பணம் திரட்டி, குழாய்க்குப் பின்னால் ஓர் அறை கட்டிக் கொடுத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கதவு, அசல் வாசற்படி. பச்சையம்மா பால் காய்ச்சினாள். அண்டாவை உள்ளே வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பாயும் படமும் பழையபடி குழாய்க்குள்.

"இன்னாக்கா, வூடு புடிக்கலியா?" என்றார் சிட்டிபாபு.

"நல்லாத்தான் கீது. ஆனா நாலு மூலை கீதே, எந்த மூலைல அம்மன் கீதுன்னு திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டிக்கீது. பேஜாரு. இங்கன்னா எப்பிடிப் படுத்தாலும் அது பக்கத்துலதான் படுக்கணும்."

தட்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து திட்டுச் சத்தம் கேட்டது.